பழைய ஃபுல் ஃபிரேம் கேமராவை மாற்றலாமா? கல், ஏடு, கூத்து: ஒரு கணக்கு

நடுகல், ஓலைச்சுவடி, தெருக்கூத்து இந்த மூன்றையும் படமெடுத்து ஆவணப்படுத்துகிறவர்கள் பென்னாகரம், ஏரியூர்ப் பக்கம் சிலர் இருக்கிறோம். எங்களுக்குள் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: "கேமராவை எப்ப மாத்தப் போறீங்க?"

என்னிடம் இருப்பது நிக்கான் டி750. 2014இல் வெளிவந்த ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர். கூடவே 50 மி.மீ. லென்ஸ் ஒன்று, 60 மி.மீ. மேக்ரோ லென்ஸ் ஒன்று. இரண்டும் பழைய 'டி' வகை. அதே நிறுவனத்தின் இசட்6 வரிசையில் மூன்றாவது பதிப்பு 2024இல் வந்தது. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகை. பாடி மட்டும் இரண்டு லட்சம் ரூபாய் அளவில் ஆகும். உதவித்தொகை எதுவும் இல்லாமல் சம்பளத்தில் மிச்சம் பிடித்து இந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. ஊர் ஊராகப் போய்வரும் செலவு, விளக்கு, ஹார்ட் டிஸ்க் எல்லாமே அதே பையிலிருந்துதான் வரவேண்டும்.

அதனால் விளம்பரத்தை ஓரமாக வைத்துவிட்டு, செய்கிற வேலையை முன்னால் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கேனான், சோனி வைத்திருப்பவர்களுக்கும் இதே முறை பொருந்தும். எண்களை மட்டும் உங்கள் கேமராவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில், ஃபுல் ஃபிரேம் என்றால் என்ன?

பழைய 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்தின் அளவு 36 × 24 மி.மீ. 1925இல் லைக்கா கேமரா விற்பனைக்கு வந்த பிறகு பரவிய அளவு அது. டிஜிட்டல் கேமராவின் சென்சார் அதே அளவில் இருந்தால் அதை ஃபுல் ஃபிரேம் என்கிறோம். பரப்பளவு 864 சதுர மி.மீ. கல்லூரி மாணவர்கள் பலர் வைத்திருக்கும் ஏபிஎஸ்-சி வகைக் கேமராவில் சென்சார் ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ., அதாவது 367 சதுர மி.மீ. இரண்டுக்கும் 2.35 மடங்கு வித்தியாசம். அவ்வளவு கூடுதல் வெளிச்சத்தைப் பெரிய சென்சார் வாங்கிக்கொள்கிறது. இருட்டில் எடுத்த படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல் குறைவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஏபிஎஸ்-சியிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்குப் போகிறவருக்கு இந்த 2.35 மடங்கு உறுதியாகக் கிடைக்கும். ஆனால் நம் கேள்வி வேறு. ஏற்கெனவே ஃபுல் ஃபிரேம் இருக்கிறது, அதிலேயே புதியதுக்குப் போகலாமா என்பது. சென்சாரின் பரப்பு அங்கேயும் 864, இங்கேயும் 864. டி750 எடுக்கும் படம் 6016 × 4016 பிக்சல், 24 மெகாபிக்சல். பத்து ஆண்டு கழித்து வந்த இசட்6 மூன்றாம் பதிப்பு எடுப்பது 6048 × 4032. இதுவும் 24 மெகாபிக்சல்தான்! அகலத்தில் 32 பிக்சல் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் புதியதில் என்ன மாறியிருக்கிறது? ஃபோகஸ் செய்யும் வேகம், கை ஆட்டத்தைச் சமாளிக்கச் சென்சாரே அசைந்துகொடுக்கும் ஏற்பாடு, சத்தமில்லாத மின்னணு ஷட்டர், வீடியோ. சென்சாரிலிருந்து தரவை வேகமாக எடுப்பதற்கும் புதிய அமைப்பு வந்திருக்கிறது. அந்த வேகத்துக்கு ஒரு விலையும் உண்டு. குறைந்த ஐஎஸ்ஓவில் ஆழ்ந்த நிழலையும் பளிச்சென்ற வெளிச்சத்தையும் ஒரே படத்தில் பிடிக்கும் திறன், முந்தைய இரண்டாம் பதிப்பைவிட இதில் சற்றுக் குறைவு. 'புதுசு' என்றால் எல்லாவற்றிலும் மேல் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி ஒவ்வொரு வேலையாகப் பார்ப்போம்.

கல்

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்கள் நடுகற்களின் நாடு. மாநிலத் தொல்லியல் துறை 'செங்கம் நடுகற்கள்' நூலை வெளியிட்டது 1972இல். வட்டெழுத்தில் இருந்த பல்லவர் காலக் கல்வெட்டுகள் பல அப்போதுதான் பரவலாகத் தெரியவந்தன. எடுத்தனூர் நடுகல்லில், தலைவன் இறந்த பிறகும் கள்வர்களைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயின் பெயர் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல் அது. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்து ஒரு நாயின் பெயரை நாம் சொல்ல முடிகிறதென்றால், கல்லில் இருந்த நாலு எழுத்தை யாரோ ஒருவர் வாசிக்கும்படியாகப் படி எடுத்திருக்கிறார் என்று பொருள். அதில் ஒரு எழுத்து பிடிபடாமல் போயிருந்தால் பெயரே போயிருக்கும். கல்லைப் படமெடுக்கும்போது பணயம் வைப்பது அந்த ஓர் எழுத்தைத்தான்.

ஒன்றரை மீட்டர் உயரக் கல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு 160 செ.மீ. சட்டத்துக்குள் வரும்படி நிற்கவைத்து எடுத்தால், 6016 பிக்சலை 160ஆல் வகுக்க, ஒரு செ.மீ.க்கு 37 பிக்சல் கிடைக்கும். 3 செ.மீ. உயர எழுத்துக்கு 110 பிக்சலுக்கு மேல். வாசிக்க இது தாராளம். 45 மெகாபிக்சல் கேமராவில் (8256 பிக்சல்) இது செ.மீ.க்கு 51 ஆகும். நீளவாக்கில் 1.37 மடங்கு. மெகாபிக்சல் ஏறத்தாழ இரட்டிப்பானாலும் நமக்குக் கிடைப்பது அவ்வளவே, ஏனென்றால் அந்தப் பெருக்கம் நீளத்துக்கும் அகலத்துக்கும் பிரிந்து போகிறது.

இப்போது வெளிச்சத்தின் கணக்கு. தேய்ந்த எழுத்தின் பள்ளம் 2 மி.மீ. ஆழம் என்று வையுங்கள். கல்லின் முகத்திலிருந்து 60 பாகை சாய்வில் வெயில் விழுந்தால், பள்ளத்தின் விளிம்பு போடும் நிழல் 1.2 மி.மீ.க்குக் கிட்டத்தான். அதே வெயில் 15 பாகையில் உரசிக்கொண்டு விழுந்தால் நிழல் 7.5 மி.மீ. வரை போகும், அதாவது பள்ளம் முழுவதையும் நிரப்பிவிடும். ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம்! அந்தப் பக்கம் லட்சக்கணக்கில் பணம் போட்டால் 1.37 மடங்கு. இந்தப் பக்கம் இரண்டு மணி நேரம் காத்திருந்தால் ஆறு மடங்கு.

எழுத்து பிடிபடாத படங்களைத் தனிக் கோப்பில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதிவைப்பது என் வழக்கம். அதைப் புரட்டினால் 'பிக்சல் போதவில்லை' என்ற குறிப்பு ஓர் இடத்திலும் இல்லை. உச்சி வெயில், சுண்ணாம்புப் பூச்சு, எண்ணெய்ப் பிசுக்கு, மரநிழலின் திட்டுகள், கல் பாதி மண்ணுக்குள், கல்லே பொரிந்துபோனது. இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. இதில் எதையும் புதிய பாடி தீர்க்காது.

கிழக்குப் பார்த்த கல்லுக்குக் காலை கடந்து வெயில் உச்சியை நெருங்கும் நேரமும், மேற்குப் பார்த்ததுக்கு உச்சி சாய்ந்த பிறகு வரும் நேரமும் உரசல் வெயில் கிடைக்கும். வடக்குப் பார்த்த கல்தான் சிக்கல், அதில் வெயிலே படாது என்பார்கள். நம் ஊர் ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நான்காம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஜூன் 21 வாக்கில், உச்சியிலிருந்து 11 பாகைக்குச் சற்று மேல் வடக்கே சாய்ந்திருக்கும். நிமிர்ந்து நிற்கும் வடக்கு முகக் கல்லின் மேல் அந்த நேரத்தில் வெயில் மேலிருந்து கீழாக வழுக்கிக்கொண்டு இறங்கும். வருடத்தின் மற்ற எட்டு மாதமும் வாசிக்க முடியாத கல் அந்த நாட்களில் பேசும். இதற்கு நாட்காட்டி போதும்.

வெயில் இல்லாத இடத்தில் கல்லை ஒரு போர்வையால் நிழலாக்கி, பக்கவாட்டிலிருந்து ஃபிளாஷ் ஒன்றைத் தாழ்வாக அடிக்கலாம். முகம் பார்க்கும் பெரிய கண்ணாடியால் வெயிலைத் திருப்பிவிடுவதும் பழைய முறை. கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் பல திசைகளில் நகர்த்தி முப்பது, நாற்பது படம் எடுத்து, கணினியில் சேர்த்து, விளக்கைத் திரையிலேயே நகர்த்திப் பார்க்கும் முறையும் இருக்கிறது. எச்பி ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டரும் உடன் பணியாற்றியவர்களும் 2001இல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது அது. அதற்கும் கேமரா அசையாமல் நின்றால் போதும், பழையதே போதும்.

எழுத்தைத் தெளிவாக்க சாக்பீஸ், மாவு, சுண்ணாம்பு தடவுவது மட்டும் வேண்டாம். எது எழுத்து, எது கீறல் என்பதைப் படமெடுப்பவரே முடிவுசெய்துவிட்டதாக அது ஆகிவிடும். கல்லுக்கும் கெடுதல்.

கல்லின் தீர்ப்பு: கேமராவை மாற்றத் தேவையில்லை.

ஏடு

ஓலைச்சுவடியில் கணக்கு கொஞ்சம் மாறும். வைத்தியம், சோதிடம், கூத்துப் பனுவல் என்று இன்னும் சில வீடுகளின் பரணில் கட்டுகள் இருக்கின்றன. ஏட்டின் நீளம் 40 செ.மீ. என்று வைத்து, 42 செ.மீ. அகலம் சட்டத்தில் வரும்படி எடுத்தால், 24 மெகாபிக்சலில் அங்குலத்துக்கு 364 பிக்சல் கிடைக்கும். 45 மெகாபிக்சலில் 499. ஆவணக் காப்பகங்கள் பொதுவாக எதிர்பார்ப்பது 300 முதல் 400 வரை. ஆக நாம் எல்லைக்குள் இருக்கிறோம், ஆனால் நிறைய மிச்சம் இல்லை. 3 மி.மீ. எழுத்துக்கு 43 பிக்சல். தெளிவான கையெழுத்தாக இருந்தால் போதும். பூச்சி அரித்து, நெருக்கி எழுதிய ஏட்டில் புள்ளியா ஓட்டையா என்று பார்க்க இன்னும் கொஞ்சம் இருந்தால் நன்றாக இருக்கும்.

அதற்கும் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஏட்டை இரண்டு பாதியாக, நடுவில் சற்று மேல்விழும்படி எடுத்துக் கணினியில் ஒட்டுவது. 22 செ.மீ. அகலத்துக்கு 6016 பிக்சல் என்றால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 695! 45 மெகாபிக்சல் ஒரே படத்தில் தருவதைவிட இது அதிகம். விலை, நேரம்தான். 200 ஏடு உள்ள கட்டுக்கு 400 பக்கம், 800 படம். எல்லாக் கட்டுக்கும் இதைச் செய்யவேண்டியதில்லை. சிதைந்த கட்டுக்கு மட்டும் செய்தால் போதும்.

இசட்6 மூன்றாம் பதிப்பில் சென்சாரை நுண்ணளவில் நகர்த்திப் பல படம் எடுத்து, கணினியில் 96 மெகாபிக்சல் அளவுக்குச் சேர்க்கும் வசதி இருக்கிறது. ஏட்டு வேலைக்கு உண்மையிலேயே பயன்படக்கூடியது. ஆனால் அந்தச் சில நொடிகளுக்கு ஏடு துளியும் அசையக்கூடாது. வளைந்த ஓலை மின்விசிறிக் காற்றுக்கே ஆடும். கண்ணாடி போட்டு அழுத்தினால் பொடிந்த ஏடு ஒடியும்.

கோப்பின் எடையையும் பாருங்கள். 24 மெகாபிக்சல் படம் ஒன்றைச் சுருக்காத 8 பிட் டிஃப் கோப்பாக வைத்தால் 72 எம்பி. 45 மெகாபிக்சலில் 136 எம்பி. 400 பக்கக் கட்டு ஒன்று முதலாவதில் 29 ஜிபி, இரண்டாவதில் 54 ஜிபி. மூன்று படி வைக்கவேண்டும் (வீட்டில் ஒன்று, வெளியூரில் ஒன்று, நிறுவனம் ஒன்றிடம் ஒன்று) என்பதால் மும்மடங்காக்கிக் கொள்ளுங்கள். கேமராவின் விலைச் சீட்டில் வராத செலவு இது.

ஏட்டில் வாசிப்பைத் தீர்மானிப்பவை வேறு. மை தடவிய ஏடா, தடவாத ஏடா? மை போன ஏட்டில் எழுத்து வெறும் கீறல், அங்கும் கல்லைப் போலவே உரசல் வெளிச்சம்தான் வழி. புல்தைலம் தடவிய ஏட்டில் பளபளப்பு, அங்கே விளக்கு இரண்டு பக்கமும் 45 பாகையில் சமமாக இருக்கவேண்டும். நிற அட்டையும் அளவுகோலும் ஒவ்வொரு கட்டிலும் ஒரு படத்திலாவது வரவேண்டும். நிறம் சரியாகத் தெரியும் நல்ல எல்இடி விளக்கு ஒரு ஜோடி வேண்டும். தலைகீழாகக் கேமராவைப் பிடிக்கும் நிறுத்தி ஆடாமல் இருக்கவேண்டும். டி750இல் கண்ணாடி முதலில் மேலே போய், சில நொடி கழித்து ஷட்டர் திறக்கும்படி வைக்கும் வசதி இருக்கிறது. கண்ணாடி தட்டும் அதிர்வு அதோடு தீர்ந்தது.

ஏட்டின் தீர்ப்பு: உயர் மெகாபிக்சல் கேமரா இருந்தால் வேலை சுருக்கமாக முடியும். இல்லாவிட்டால் வேலை நின்றுவிடாது. அதே 24 மெகாபிக்சலுக்கு இரண்டு லட்சம் கொடுத்து மாறுவதில் ஏட்டுக்கு லாபம் குறைவு.

கூத்து

இங்கேதான் புதிய கேமரா ஜெயிக்கிறது. மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

திரௌபதை அம்மன் கோயில் பாரதக் கூத்து இரவு பத்து மணிக்கு மேல் சூடு பிடித்து விடியும்வரை போகும். வெளிச்சம் என்பது நாலு எல்இடி பல்பு. கட்டியக்காரன் சட்டத்தின் ஓரத்தில் நின்று பேசுவான், அடுத்த நொடி சுழன்று எதிர் ஓரம் போவான். டி750இல் 51 ஃபோகஸ் புள்ளிகள், எல்லாம் நடுவில் குவிந்து கிடக்கின்றன. ஓரத்தில் இருக்கும் முகத்துக்கு அது எட்டாது. மிரர்லெஸ் கேமராவில் ஃபோகஸ் சட்டம் முழுவதும் பரவி, முகத்தையும் கண்ணையும் தேடிப் பிடிக்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் சத்தமின்றியும் எடுக்கலாம்.

விளக்கு நடுக்கம் இன்னொரு விஷயம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான பல்பு நொடிக்கு 100 தடவை கண்சிமிட்டும். ஷட்டர் வேகம் 1/100 அல்லது 1/50 என்று வைத்தால் பட்டை பட்டையாகக் கோடு விழாது. பழைய கேமராவுக்கும் இது பொருந்தும். புதியவற்றில் இந்த நடுக்கத்துக்கேற்ப வேகத்தை நுணுக்கமாகத் திருத்திக்கொள்ளும் வசதி கூடுதலாக உண்டு. சத்தமில்லாத ஷட்டரைப் பயன்படுத்தும்போது அது கட்டாயம் வேண்டும்.

கூத்தையே முதன்மை வேலையாகக் கொண்ட ஒருவர் என்னிடம் கேட்டால் "தயங்காம மாத்துங்க" என்பேன். டிரைபாடுக்குத் தனி அனுமதி கேட்கும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் இருட்டு மண்டபங்களில், கையில் பிடித்தே எடுக்கவேண்டியவருக்கும் அதே பதில்தான். சென்சார் அசைந்துகொடுக்கும் ஏற்பாடு அங்கே உண்மையான உதவி. டிரைபாடில் வைத்துக் கல்லும் ஏடும் எடுப்பவருக்கு அதனால் பயனில்லை.

பாடியோடு கூட வருபவை

லென்ஸ்: பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸைப் புதிய பாடியில் மாட்ட இணைப்பு வளையம் வேண்டும். ஆனால் என்னிடம் உள்ள 'டி' வகை லென்ஸில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. பாடியில் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்பும். வளையத்தில் அந்த மோட்டார் கிடையாது. ஆக இரண்டு லென்ஸும் கையால் திருப்பும் லென்ஸாகிவிடும். ஏட்டுக்கு அது பரவாயில்லை. கூத்துக்கு முடியாது. எந்த வேலைக்காகப் புதிய கேமரா வாங்குகிறோமோ அந்த வேலைக்குப் பழைய லென்ஸ் உதவாது! புதிய லென்ஸ் விலையையும் சேர்த்தால்தான் உண்மையான தொகை தெரியும்.

எடை: 'மிரர்லெஸ் லேசானது' என்பார்கள். பேட்டரியும் கார்டும் சேர்த்து டி750 840 கிராம், இசட்6 மூன்றாம் பதிப்பு 760 கிராம். இணைப்பு வளையம் 125 கிராம். மாட்டிப் பார்த்தால் புதியதுதான் கனம்.

பேட்டரி: நிறுவனக் கணக்குப்படி டி750 ஒரு சார்ஜில் 1230 படம். புதியது 400க்கும் கீழே. மலையோரம் கரண்ட் இல்லாத இடத்தில் ஒரு நாள் முழுக்க வேலை என்றால் மூன்று பேட்டரி வேண்டும். புதியதைப் பவர் பேங்கிலேயே சார்ஜ் செய்யலாம் என்பது ஆறுதல், பழையதில் அது முடியாது.

நீர் வற்றும் நாட்கள்

இதுவரை தரத்தைப் பார்த்தோம். எனக்கு உண்மையில் உறுத்தும் கேள்வி வேறு. பழைய கேமரா முக்கியமான நாளில் நின்றுபோனால்?

ஏரியூரிலிருந்து நாகமரை பக்கம் போனால் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அணை. நீர் நிரம்பியபோது காவிரிக் கரை ஊர்கள் பல உள்ளே போயின. எதிர்க்கரையில் பண்ணவாடிப் பக்கம், நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். பரிசலில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். எல்லா ஆண்டும் தெரிவதில்லை. தெரிகிற ஆண்டிலும் எத்தனை நாள் என்று யாரும் சொல்ல முடியாது. 2024 ஜூலை நடுவில் 60 அடிக்கும் கீழே கிடந்த நீர்மட்டம், கர்நாடகத்தில் பெய்த மழையால் அம்மாத இறுதிக்குள் 120 அடி முழுக் கொள்ளளவைத் தொட்டது. இரண்டு வாரம் பிந்தியவருக்குத் தண்ணீர்தான் கிடைத்தது. நீருக்குள் போய்ப் போய் வரும் காரைச் சுவர் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உதிர்கிறது. அடுத்த தடவை அதே நிலையில் இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது.

கல்லும் இப்படித்தான். சாலை அகலமாகும்போது ஒரு நடுகல் நகர்த்தப்படும். கோயில் புதுப்பிக்கும்போது ஒன்று பெயின்ட் அடிக்கப்படும். இன்று நிற்கிற இடத்தில் இன்று எடுத்தால்தான் உண்டு.

டி750இன் ஷட்டர் 1,50,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது என்பது நிறுவனத்தின் கணக்கு. அந்த எண்ணிக்கையில் நின்றுவிடும் என்று பொருளில்லை. முன்னும் போகலாம், பின்னும் போகலாம். அதைத் தாண்டிய கேமராவைத் தனியாக நம்பி ஆற்றுக்குள் போகமுடியாது என்றுதான் பொருள். மேலும் நிக்கான், கேனான் இரண்டுமே 2020க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் கொண்டுவரவில்லை. உதிரிப் பாகம் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகும்.

இந்த அச்சம் நியாயமானது. ஆனால் இதற்குப் புதிய கேமரா ஒன்று வாங்குவது பாதி மருந்துதான். புதியதும் ஒன்றே ஒன்றுதான். தண்ணீரில் விழுந்தால், கார்டு செருகும் இடம் மக்கர் செய்தால், கையில் வேறு எதுவும் இல்லை. ஒரு தடவை மட்டுமே எடுக்கக்கூடிய பொருளுக்குத் தேவை இரண்டு கேமரா. இரண்டும் ஒரே லென்ஸ், ஒரே பேட்டரி, ஒரே கார்டு வாங்கும் கேமராவாக இருந்தால் இன்னும் நல்லது. புதியது ஒன்றின் விலையில் சிறு பங்குக்கு, குறைவாக ஓடிய பழைய டி750 பாடி கைமாற்றுச் சந்தையில் கிடைக்கிறது. வாங்கும்போது ஷட்டர் எண்ணிக்கையைப் பார்க்கவேண்டும். சென்சாரில் பூஞ்சையோ கீறலோ இருக்கிறதா என்று வெள்ளைச் சுவரை எஃப் 16இல் எடுத்துப் பார்க்கவேண்டும். இரண்டு கார்டு இடமும் வேலை செய்கிறதா என்று சோதிக்கவேண்டும்.

என் முடிவு

இப்போதைக்கு மாற்றவில்லை. ஒதுக்கிவைத்த தொகையை இப்படிப் பிரித்திருக்கிறேன்: கைமாற்று டி750 பாடி ஒன்று, ஏட்டு வேலைக்கு நல்ல எல்இடி விளக்கு ஒரு ஜோடியும் நிற அட்டையும், பெரிய ஹார்ட் டிஸ்க் இரண்டு. மீதி, போய்வரும் செலவுக்கு. வடக்கு முகக் கற்களுக்கு ஜூன் மாதத்தை ஒதுக்கிவிட்டேன். பாசனத்துக்கு அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முந்தைய வாரங்களில் நீர்மட்டத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

உங்கள் முடிவு வேறாக இருக்கலாம். மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்.

1. சரியாக வராத உங்கள் படங்களை வரிசையாக வைத்துக் காரணம் எழுதுங்கள். அதில் எத்தனை காரணம் பாடியைச் சேர்ந்தது? ஃபோகஸ், கை ஆட்டம், இருட்டு என்று அதிகம் வந்தால் மாற்றுங்கள். வெளிச்சம், நேரம், அனுமதி என்று வந்தால் வேண்டாம்.

2. பாடியோடு லென்ஸ், பேட்டரி, கார்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் சேர்த்த தொகை என்ன? அந்தத் தொகைக்கு எத்தனை நாள் களப்பணி போகலாம்?

3. நாளைக்கே உங்கள் கேமரா நின்றுவிட்டால் எந்த வேலை திரும்பக் கிடைக்காமல் போகும்? அந்த வேலைக்கு இரண்டாவது கேமரா இருக்கிறதா?

இன்றைக்குப் புதிதாகத் தொடங்கும் மாணவர்கள் மட்டும் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளவேண்டாம். கையில் பழைய லென்ஸ் எதுவும் இல்லையென்றால் மிரர்லெஸ்ஸிலேயே தொடங்குங்கள். இனி வரும் லென்ஸ் எல்லாம் அதற்குத்தான். புதிய பாடிக்குப் பணம் பத்தாவிட்டால் 2018க்குப் பிறகு வந்த முதல் தலைமுறை மிரர்லெஸ் ஃபுல் ஃபிரேம் கேமராக்கள் கைமாற்றாகக் கிடைக்கின்றன. கல்லுக்கும் ஏட்டுக்கும் அவை போதும்.

கைபேசியை மறந்துவிடாதீர்கள். முதல் தடவை ஒரு கல்லைப் பார்க்கும்போது இடக்குறிப்போடு ஒரு படம் எடுத்துவைக்க அதைவிட வசதியானது இல்லை. வாசிப்புக்கு மட்டும் அதை நம்பவேண்டாம். படத்தைக் கூர்மையாக்குகிறேன் என்று அது தானாகச் செய்யும் திருத்தத்தில் பொரிந்த கல்லின் கீறலும் எழுத்துப்போல் எழுந்து நிற்கும். கேமராவில் ரா கோப்பாக எடுத்து, எதைத் திருத்தினோம் என்று குறித்துவைத்தால், பின்னால் வாசிக்கிறவர் நம் வாசிப்பைச் சோதித்துப் பார்க்க முடியும்.